பயணத் தொலைநோக்கி

பயணத் தொலைநோக்கி என்பது, ஒருவர் தனியாகவே தூக்கிச் செல்லக்கூடியதும், சில நிமிடங்களில் பொருத்தி நிறுத்தக்கூடியதுமான சிறிய வானியல் தொலைநோக்கி ஆகும். நகர விளக்குகளில் இருந்து விலகியுள்ள மலைப்பகுதிகள், கடற்கரைகள், காட்டோர முகாம்கள் முதலிய இடங்களில் வானத்தை நோக்குவதற்கு இது பயன்படுகின்றது. இவ்வகைக் கருவிகளின் முகப்பு விட்டம் பொதுவாக 50 முதல் 130 மில்லிமீட்டர் வரை இருக்கும். தாங்கியையும் சேர்த்து இவற்றின் எடை பெரும்பாலும் 10 கிலோகிராமுக்கு உட்பட்டதாகும்.

குறைந்த விலையில் இத்தகைய கருவியொன்றைத் தெரிவு செய்யும்போது முகப்பு விட்டம், தாங்கியின் உறுதி, எடுத்துச் செல்வதற்கான எளிமை ஆகிய மூன்றும் முதன்மையாகக் கருதப்படுகின்றன. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடப்படும் உருப்பெருக்க எண் இவற்றுள் ஒன்றன்று. அந்த எண்ணை நம்பி வாங்கிய முதற் கருவியில் தெளிவான காட்சி எதுவும் கிடைக்காமையால், வானியலில் கொண்ட ஆர்வத்தையே கைவிடுவோர் பலராவர்.

## இருண்ட வானின் தேவை

தொலைநோக்கியை முகாமுக்கு எடுத்துச் செல்வதன் பயன் எல்லா வான்பொருட்களுக்கும் ஒரே அளவானதன்று. நிலவு, வியாழன், சனி ஆகியவை ஒளி மிகுந்தவை. நகர மாடியில் இருந்து நோக்கினாலும் அவற்றின் தோற்றம் பெரிதாகக் குறைவதில்லை. ஆனால் விண்முகில்கள், பேரடைகள், பால் வழியின் விண்மீன் திரள்கள் ஆகியவற்றின் ஒளி பரந்து மங்கியதாகும். நகரில் தெருவிளக்குகளின் ஒளி வளிமண்டலத்தில் சிதறி வானத்தையே வெளிறச் செய்வதால் இம்மங்கலான ஒளி அதனுள் மறைந்துவிடுகின்றது.

தொலைநோக்கி வான்பொருளின் ஒளியுடன் பின்புல வானின் ஒளியையும் சேர்த்தே திரட்டுகின்றது. ஆகவே பெரிய தொலைநோக்கியை வாங்குவதால் ஒளி மாசை முற்றிலும் வெல்ல இயலாது. 80 மில்லிமீட்டர் கருவியொன்று இருண்ட மலைப்பகுதியில் காட்டும் ஒரு பேரடையை, 200 மில்லிமீட்டர் கருவி மாநகர நடுவில் காட்டாமற் போவதுண்டு. எனவே, பயணத்திற்கென வாங்கப்படும் கருவி, இருண்ட வானம் மட்டுமே தரக்கூடிய காட்சிகளுக்கு, அதாவது பரந்து மங்கிய பொருட்களுக்கு, ஏற்றதாக இருத்தல் வேண்டும். அகன்ற புலத்தைக் காட்டும் குறுகிய குவியத் தொலைவுடைய கருவிகள் முகாம்களில் விரும்பப்படுவதற்குக் காரணம் இதுவேயாகும்.

வானத்தின் இருளை ஒன்பது படிகளாக வகுக்கும் போர்ட்டில் அளவுகோல் 2001 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. இதில் 1 ஆம் படி மிக இருண்ட வானத்தையும், 9 ஆம் படி மாநகர நடுவின் வானத்தையும் குறிக்கும். இந்தியாவில் லடாக்கின் ஆன்லே பகுதி 2022 இல் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

## வரலாறு

1608 இல் நெதர்லாந்தில் மூக்குக்கண்ணாடி செய்பவரான ஆன்சு லிப்பர்சே தொலைநோக்கிக்கான காப்புரிமை கோரினார். அடுத்த ஆண்டு கலிலியோ தாமே அமைத்த கருவிகளை வானை நோக்கித் திருப்பினார். அக்கருவிகள் கையில் எடுத்துச் செல்லத்தக்கனவாகவே இருந்தன. 1668 இல் ஐசாக் நியூட்டன் அமைத்த ஆடித் தொலைநோக்கியும் மேசைமேல் வைக்கத்தக்க சிறிய கருவியே. அதன் பின்னர் வானியலாளர்கள் மேலும் மங்கலான பொருட்களைத் தேடியமையால் தொலைநோக்கிகள் பெரிதாகி, கட்டடங்களினுள் நிலையாக நிறுவப்பட்டன.

இருபதாம் நூற்றாண்டில் பொழுதுபோக்கு வானியலாளர்களே தொலைநோக்கியை மீண்டும் வெளியிடங்களுக்குக் கொண்டு வந்தனர். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து இசுப்பிரிங்பீல்டு நகரில் ரசல் போர்ட்டர் 1920 இல் ஆடி தேய்க்கும் கலையை உள்ளூர் மக்களுக்குக் கற்பிக்கத் தொடங்கினார். அவர்களது குழுவினர் 1926 முதல் இசுடெல்லாபேன் என்னும் குன்றில் கூட்டங்களை நடத்தினர். தாமே செய்த தொலைநோக்கிகளுடன் வந்து இரவு முழுவதும் வானை நோக்கும் வழக்கம் இதனாற் பரவியது.

எளிய தொலைநோக்கியின் வரலாற்றில் ஜான் டாப்சன் (1915-2014) குறிப்பிடத்தக்கவர் ஆவார். பீஜிங்கில் பிறந்த இவர், சான் பிரான்சிசுக்கோவில் இராமகிருட்டிண இயக்கத்தைச் சேர்ந்த வேதாந்த மடத்தில் 1944 முதல் 1967 வரை துறவியாக இருந்தார். கைப்பணம் இல்லாத நிலையில், கப்பல்களின் பழைய சாளரக் கண்ணாடி, ஒட்டுப்பலகை, அட்டைக் குழாய் ஆகியவற்றைக் கொண்டு இவர் தொலைநோக்கிகளைச் செய்தார். மடத்தை விட்டு நீங்கிய பின்னர் 1968 இல் நடைபாதை வானியலாளர்கள் என்னும் அமைப்பைத் தோற்றுவிப்பதில் பங்கெடுத்தார். தெருமுனைகளில் மட்டுமன்றித் தேசியப் பூங்காக்களின் முகாம்களிலும் பொதுமக்களுக்கு வானைக் காட்டினார். வானம் பூங்காவின் பகுதியன்று எனப் பூங்காக் காவலர் ஒருவர் கூறியதற்கு, பூங்கா வானத்தின் ஒரு பகுதியே என அவர் மறுமொழி அளித்ததாகக் கூறப்படுகின்றது. அவர் வகுத்த எளிய பெட்டித் தாங்கி இன்று *டாப்சன் தாங்கி* எனப்படுகின்றது.

1976 இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஆசுட்ரோசுகேன், பந்து வடிவ அடிப்பகுதியைக் கொண்ட 105 மில்லிமீட்டர் அளவிலான ஆடித் தொலைநோக்கியாகும். மடியிலோ மேசையிலோ வைத்துப் பார்க்கத்தக்க அகன்ற புலக் கருவிகளுக்கு அது முன்னோடியாக விளங்கியது. பன்னாட்டு வானியல் ஆண்டான 2009 இல் 50 மில்லிமீட்டர் முகப்பு விட்டமும் 500 மில்லிமீட்டர் குவியத் தொலைவும் கொண்ட கலிலியோசுகோப் என்னும் மலிவான கருவி மாணவர்களுக்காக வெளியிடப்பட்டது.

## அடிப்படை அளவுகள்

### முகப்பு விட்டம்

ஒளியைத் திரட்டும் முதன்மை வில்லையின் அல்லது ஆடியின் விட்டமே முகப்பு விட்டம் எனப்படும். திரட்டப்படும் ஒளி, விட்டத்தின் வர்க்கத்திற்கு நேர்விகிதத்தில் அமையும். இருளில் நன்கு விரிந்த கண்மணியின் விட்டம் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் எனக் கொண்டால், 70 மில்லிமீட்டர் தொலைநோக்கி கண்ணைப் போல 100 மடங்கும், 130 மில்லிமீட்டர் தொலைநோக்கி ஏறத்தாழ 345 மடங்கும் ஒளியைத் திரட்டும்.

நெருங்கியுள்ள இரு புள்ளிகளைப் பிரித்துக் காட்டும் திறனும் விட்டத்தையே பொறுத்தது. 116 என்னும் எண்ணை மில்லிமீட்டரில் உள்ள விட்டத்தால் வகுத்தால், பிரிக்கக்கூடிய மிகச் சிறிய கோணம் விகலைகளில் (ஒரு பாகையின் 3600 இல் ஒரு பங்கு) கிடைக்கும். இதன்படி 60 மில்லிமீட்டர் கருவி 1.9 விகலையையும், 130 மில்லிமீட்டர் கருவி 0.9 விகலையையும் பிரித்துக் காட்டவல்லது.

### குவியத் தொலைவும் உருப்பெருக்கமும்

தொலைநோக்கியின் குவியத் தொலைவைக் கண்ணருகு வில்லையின் குவியத் தொலைவால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும். 650 மில்லிமீட்டர் குவியத் தொலைவுடைய கருவியில் 25 மில்லிமீட்டர் கண்ணருகு வில்லை 26 மடங்கையும், 10 மில்லிமீட்டர் வில்லை 65 மடங்கையும் தரும். ஆகவே உருப்பெருக்கம் கருவியின் நிலையான பண்பன்று. கண்ணருகு வில்லையை மாற்றி அதனை எவ்வளவு வேண்டுமானாலும் உயர்த்தலாம். ஆனால் மில்லிமீட்டரில் உள்ள முகப்பு விட்டத்தின் இருமடங்கைக் கடந்தால், உருவம் பெரிதாகுமேயன்றி நுணுக்கம் கூடாது. 60 மில்லிமீட்டர் கருவிக்கு இவ்வெல்லை 120 மடங்காகும். அதே கருவியின் பெட்டியில் 500 மடங்குக்கு மேல் எனக் குறிக்கப்பட்டிருந்தால், அக்காட்சி மங்கலான கறையாகவே தோன்றும்.

குவியத் தொலைவை முகப்பு விட்டத்தால் வகுக்கக் கிடைப்பது குவிய விகிதம் ஆகும். இவ்விகிதம் 5 அல்லது அதனை ஒட்டி இருக்கும் கருவிகள் குட்டையானவையாகவும், அகன்ற புலத்தைக் காட்டுபவையாகவும் இருக்கும்.

## வகைகள்

### இருகண் நோக்கி

மிகக் குறைந்த செலவில் தொடங்க விரும்புவோருக்கு 7×50 அல்லது 10×50 அளவிலான இருகண் நோக்கி ஏற்றதாகும். முதல் எண் உருப்பெருக்கத்தையும், இரண்டாவது எண் மில்லிமீட்டரில் முகப்பு விட்டத்தையும் குறிக்கும். இது நேரான உருவத்தைக் காட்டுவதால் பகலில் பறவைகளையும் நிலக்காட்சிகளையும் பார்க்க உதவும். கார்த்திகை விண்மீன் கூட்டம் இதில் முழுமையாகத் தெரியும். எனினும் சனியின் வளையத்தைப் பிரித்தறிய இதன் உருப்பெருக்கம் போதாது. 10 மடங்குக்கு மேற்பட்டவற்றைக் கையில் அசையாமற் பிடிப்பது கடினம்.

### ஒளிவிலகல் தொலைநோக்கி

இதில் ஒளி வில்லைகளால் குவிக்கப்படுகின்றது. 70 முதல் 80 மில்லிமீட்டர் விட்டமும் 400 மில்லிமீட்டரை ஒட்டிய குவியத் தொலைவும் கொண்ட குட்டையான கருவிகள் முதுகுப் பையில் அடங்குவன. மூடிய குழாயாதலால் தூசு எளிதில் உட்புகாது. வில்லைகளை அடிக்கடி ஒழுங்கமைக்கவும் தேவையில்லை. மலிவான கருவிகளில் நிலவின் விளிம்பிலும் வியாழனைச் சுற்றியும் ஊதா நிற ஒளி தெரிவது இதன் குறையாகும். விண்மீன் கொத்துக்களையும் பால் வழியையும் பார்ப்பதற்கு இக்குறை பெரிய இடையூறன்று.

### நியூட்டன் வகை ஆடித் தொலைநோக்கி

ஒரே விட்டத்திற்கு மிகக் குறைந்த விலையுடையது இவ்வகையே. இரு வில்லைகளைக் கொண்ட ஒளிவிலகல் தொலைநோக்கியில் நான்கு பரப்புகளைத் துல்லியமாகத் தேய்த்தல் வேண்டும். நியூட்டன் வகையிலோ ஒரு குழியாடியும் ஒரு சமதள ஆடியும் போதுமானவை. மேசைமேல் வைக்கத்தக்க சிறிய டாப்சன் தாங்கியுடன் 76 முதல் 130 மில்லிமீட்டர் வரையான கருவிகள் விற்கப்படுகின்றன. இவற்றுள் இசுக்கை-வாட்சர் நிறுவனத்தின் எரிட்டேச் 130 என்னும் கருவி பரவலாக அறியப்பட்டதாகும். இதன் முகப்பு விட்டம் 130 மில்லிமீட்டர், குவியத் தொலைவு 650 மில்லிமீட்டர். குழாயின் மேற்பகுதி இரு தண்டுகளின் மேல் உள்நோக்கித் தள்ளப்படுவதால் எடுத்துச் செல்லும்போது நீளம் குறைகின்றது. இதன் எடை ஏறத்தாழ 6 கிலோகிராம் ஆகும்.

வண்டிப் பயணத்தின் அதிர்வால் ஆடிகள் இடம் பெயரக்கூடுமாகையால், அவற்றை அவ்வப்போது ஒழுங்கமைக்கக் கற்றுக்கொள்ளுதல் வேண்டும். இது சில திருகுகளைத் திருப்பிச் செய்யும் எளிய வேலையே. பக்கங்கள் திறந்துள்ள கருவிகளில் அருகில் உள்ள விளக்கொளி உட்புகுவதைத் தடுக்கக் கருந்துணியோ கரிய தாளோ சுற்றப்படுகின்றது.

### மாக்சுதோவ் வகை

சோவியத் ஒளியியலாளர் திமித்ரி மாக்சுதோவ் 1941 இல் வகுத்த அமைப்பைத் தழுவிய இக்கருவிகளில் முன்புறம் தடித்த வளைந்த வில்லையும் பின்புறம் ஆடியும் உள்ளன. ஒளி குழாயினுள் மடிக்கப்படுவதால், 1250 மில்லிமீட்டர் குவியத் தொலைவுடைய 90 மில்லிமீட்டர் கருவியும் ஓர் அடி நீளத்துக்குள் அடங்கும். நிலவுக்கும் கோள்களுக்கும் இது மிகவும் ஏற்றது. ஆனால் 25 மில்லிமீட்டர் கண்ணருகு வில்லையிலும் உருப்பெருக்கம் 50 மடங்காகிவிடுகின்றது. காட்சிப் புலம் ஏறத்தாழ ஒரு பாகைக்குள் சுருங்குவதால் கார்த்திகைக் கூட்டம் முழுதும் அதில் அடங்காது.

### தானியங்கிப் படத் தொலைநோக்கி

இவ்வகையில் பொதுவாகக் கண்ணருகு வில்லை இல்லை. கருவியே வான்பொருளைத் தேடிப் படமெடுத்து, பல படங்களைச் சேர்த்துக் கைத்தொலைபேசியின் திரையில் காட்டும். 2023 இல் வெளியான சீசுட்டார் எசு50 என்பது 50 மில்லிமீட்டர் விட்டமும் 2.5 கிலோகிராம் எடையும் கொண்டது. கண்ணால் காண இயலாத நிறங்களை இது காட்டும். எனினும், பொருளின் ஒளியை நேரடியாகத் தம் கண்ணில் பெற விரும்புவோருக்கு இது மாற்றாகாது. மின்கலத்தின் தேவையும் நீண்ட முகாம்களில் கருதத்தக்கது.

## தாங்கி

50 மடங்கு உருப்பெருக்கத்தில் தாங்கியின் சிறு நடுக்கமும் 50 மடங்காகத் தெரியும். ஆகவே சிறந்த வில்லையையும் மெலிந்த முக்காலி பயனற்றதாக்கிவிடும். கடைகளில் கருவியைப் பார்க்கும்போது குழாயை மெல்லத் தட்டி, அதிர்வு எவ்வளவு நேரத்தில் அடங்குகின்றது என்பதைக் கவனிப்பது நல்ல சோதனையாகும். அதிர்வு ஓரிரு நொடிகளில் அடங்குதல் வேண்டும்.

குறைந்த விலைக் கருவிகளில் இருவகைத் தாங்கிகள் காணப்படுகின்றன.

* உயர-திசைத் தாங்கி: மேல் கீழாகவும் இடம் வலமாகவும் திரும்பும். டாப்சன் தாங்கியும் இவ்வகையினதே. பழகுவது எளிது.
* நிலநடுக்கோட்டுத் தாங்கி: இதன் ஓர் அச்சு வானின் துருவத்தை நோக்கி அமைக்கப்படும். பின்னர் அவ்வொரு அச்சை மட்டும் திருப்பி விண்மீனைத் தொடரலாம். எதிர் எடை தேவைப்படுவதால் சுமை கூடும்.

வடதுருவ விண்மீன் அடிவானில் இருந்து உயர்ந்திருக்கும் கோணம், நோக்குமிடத்தின் அகலாங்கிற்கு ஏறத்தாழச் சமமாகும். இது சென்னையில் 13 பாகை, யாழ்ப்பாணத்தில் 10 பாகை, கொழும்பில் 7 பாகை, சிங்கப்பூரில் 1 பாகை மட்டுமே. ஐரோப்பாவையும் வட அமெரிக்காவையும் கருதி வடிவமைக்கப்பட்ட மலிவான நிலநடுக்கோட்டுத் தாங்கிகள் சிலவற்றின் அச்சை இவ்வளவு தாழ்த்த இயலாது. தாழ்த்தினாலும் எதிர் எடை முக்காலியின் காலில் இடிக்கக்கூடும். ஆகவே தமிழகத்திலும் இலங்கையிலும் உள்ள தொடக்கநிலை நோக்கர்களுக்கு உயர-திசைத் தாங்கியே பொருத்தமானது எனலாம்.

மேசைமேல் வைக்கும் டாப்சன் கருவிகளுக்கு உறுதியான பீடம் தேவை. முகாம்களில் இலகுவான மடிப்பு மேசைகள் ஆடுவதால், தட்டையான பாறை, மரமுக்காலி, கவிழ்த்து வைத்த உறுதியான பெட்டி ஆகியவை பயன்படுத்தப்படுகின்றன.

## தவிர்க்கத்தக்கவை

* உருப்பெருக்கத்தையே முதன்மையாக விளம்பரப்படுத்தும் 50 அல்லது 60 மில்லிமீட்டர் கருவிகள்.
* கண்ணருகு வில்லை பொருந்தும் குழாயின் விட்டம் 24.5 மில்லிமீட்டராக உள்ள பழைய அமைப்புகள். இன்று பொதுவாக வழங்குவது 31.7 மில்லிமீட்டர் (1.25 அங்குலம்) ஆகும். இவ்வளவுடைய வில்லைகளைப் பின்னர் பெரிய கருவியிலும் பயன்படுத்தலாம்.
* குழாயின் நீளம், குறிப்பிடப்பட்ட குவியத் தொலைவில் பாதியளவே உள்ள மலிவான நியூட்டன் கருவிகள். 1000 மில்லிமீட்டர் குவியத் தொலைவு எனக் குறிக்கப்பட்டு, அரை மீட்டர் குழாயுடன் வரும் 114, 127 மில்லிமீட்டர் கருவிகள் இதற்கு எடுத்துக்காட்டு. இவற்றில் கோள ஆடியின் குறையை ஈடுசெய்யக் குழாயினுள் கூடுதல் வில்லை பொருத்தப்படுகின்றது. அவ்வில்லை தரம் குறைந்ததாயின் தெளிவான உருவம் கிடைப்பதில்லை. ஒழுங்கமைப்பதும் கடினமாகின்றது.
* கண்ணருகு வில்லையில் திருகிப் பொருத்தும் சூரிய வடிகட்டிகள். குவிந்த வெப்பத்தால் இவை திடீரென வெடிக்கக்கூடும்.

## எதிர்பார்க்கத்தக்க காட்சிகள்

இதழ்களில் வெளியாகும் வண்ணப் படங்கள் நீண்ட நேரம் ஒளியைப் பதிந்து எடுக்கப்பட்டவை. மங்கிய ஒளியில் மனிதக் கண் நிறங்களை உணர்வதில்லையாதலால், பெரும்பாலான பேரடைகளும் விண்முகில்களும் சாம்பல் நிறப் புகைபோலத் தோன்றும். இதனை முன்னரே அறிந்திருப்பவர் ஏமாற்றம் அடைவதில்லை.

80 முதல் 130 மில்லிமீட்டர் வரையான கருவியில் நிலவின் கிண்ணக்குழிகள், வியாழனின் இரு முதன்மைப் பட்டைகள், கலிலியோ கண்ட அதன் நான்கு நிலவுகள் ஆகியவை தெளிவாகத் தெரியும். சனியின் வளையத்தை 30 மடங்கை ஒட்டிய உருப்பெருக்கத்திலேயே அடையாளம் காணலாம். ஓரியன் விண்முகில் சிறகு விரித்தது போலவும், அந்திரொமேடா பேரடை நீண்ட நீள்வட்ட ஒளியாகவும் தோன்றும்.

தென்வானின் ஒமேகா செண்டாரி என்னும் கோளக் கொத்து, இலண்டன் நகரில் ஒருபோதும் அடிவானுக்கு மேல் எழுவதில்லை. சென்னையில் அது ஏறத்தாழ 30 பாகை உயரம் வரை எழுகின்றது. ஏப்ரல் முதல் சூன் வரையான மாலை நேரங்களில் இருண்ட தென் அடிவானம் உள்ள இடத்தில் இதனைச் சிறிய கருவியாலும் காணலாம்.

## முகாமில் பயன்பாடு

கண் இருளுக்கு நன்கு பழக 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும். ஒருமுறை வெள்ளொளியைப் பார்த்தாலும் இப்பழக்கம் கெட்டுவிடுமாதலால், மங்கிய சிவப்பு விளக்கே பயன்படுத்தப்படுகின்றது. கைத்தொலைபேசியின் திரையும் தவிர்க்கப்பட வேண்டியது. பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நிலவொளியே வானத்தை வெளிறச் செய்வதால், பயணத்தை அமாவாசையை ஒட்டி அமைத்துக் கொள்வது நன்று.

கருவியை வெளியில் வைத்தவுடன் உருவம் கலங்கித் தெரியலாம். ஆடி வெளிக்காற்றின் வெப்பநிலையை அடைய அரை மணி நேரம் வரை ஆகும். தடித்த வில்லையுடைய மாக்சுதோவ் கருவிகளுக்கு மேலும் அதிக நேரம் தேவைப்படும். பனி இறங்கும் இரவுகளில் முன்வில்லையில் ஈரம் படியும். இதனைத் தடுக்க, குழாயின் முன்புறம் அட்டையால் ஆன நீட்சி பொருத்தப்படுகின்றது. படிந்த ஈரத்தைத் துணியால் துடைத்தால் வில்லையின் பூச்சு கீறப்படும். ஈரமான கருவியை அப்படியே மூடி வைத்தால், வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த பகுதிகளில் பூஞ்சை வளரும். எனவே வீடு திரும்பியதும் திறந்து உலரவிட்டு, பின்னர் சிலிக்காக் களியுடன் வைத்தல் வேண்டும்.

முகாமில் பகலிலும் கருவியைக் காத்தல் வேண்டும். தொலைநோக்கி வழியே சூரியனைப் பார்த்தால் நொடிப்பொழுதில் பார்வை நிலையாகக் கெடக்கூடும். குழாயின் முன்புறத்தை முழுவதும் மூடும் சான்றளிக்கப்பட்ட வடிகட்டி இன்றிச் சூரியனை நோக்கலாகாது. சிறுவர்கள் உள்ள முகாம்களில் பொழுது விடிந்ததும் கருவிக்கு மூடியிட்டு உள்ளே வைப்பது இன்றியமையாததாகும்.

## தெரிவு

பயணமுறையே கருவியின் அளவை முடிவு செய்கின்றது. நடந்து மலையேறுபவருக்கு இருகண் நோக்கி அல்லது 70 மில்லிமீட்டர் குட்டை ஒளிவிலகல் தொலைநோக்கி, இலகுவான ஆனால் உறுதியான முக்காலியுடன் பொருந்தும். பேருந்திலோ தொடர்வண்டியிலோ செல்பவர் 76 முதல் 114 மில்லிமீட்டர் வரையான மேசை டாப்சன் கருவியைக் கொண்டு செல்லலாம். மகிழுந்தில் குடும்பத்துடன் செல்பவருக்கு 130 மில்லிமீட்டர் மேசை டாப்சன், விலைக்கு ஏற்ற பயனை மிகுதியாகத் தரும். வீட்டிலிருந்தே கோள்களையும் நிலவையும் மிகுதியாக நோக்க விரும்புபவர் மாக்சுதோவ் வகையைத் தெரிவு செய்யலாம்.

விலை ஒத்திருக்கும்போது, பெரிதாயிருந்து வீட்டிலேயே தங்கிவிடும் கருவியைக் காட்டிலும் ஒவ்வொரு பயணத்திலும் உடன் வரும் சிறிய கருவியே மிகுந்த காட்சிகளைத் தருகின்றது. வாங்குவதற்கு முன் உள்ளூர் வானியல் கழகங்கள் நடத்தும் வான்நோக்கு நிகழ்வுகளில் கலந்துகொண்டு, பலவகைக் கருவிகளின் வழியே ஒரே பொருளைப் பார்த்து ஒப்பிடுவது சிறந்த வழியாகும்.

## இவற்றையும் பார்க்கவும்

* தொலைநோக்கி
* இருகண் நோக்கி
* ஒளி மாசு
* விண்மீன் கொத்து